குரல் இருக்கிறது, சவுண்ட் எங்கே? மெம்ஃபிஸ் – மஸல் ஷோல்ஸ் பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு, மெம்ஃபிஸ்

அட்லாண்டாவிலிருந்து ஆறு மணி நேரம் என்று கூகுள் சொன்னது. வழியில் பர்மிங்ஹாமில் சாப்பிட நின்று, மிசிசிப்பியில் மழையில் மாட்டி, மோட்டலுக்கு வந்து சேர இருட்டிவிட்டது.

கூட வந்திருப்பது அக்கா மகள். பாடுகிறாள். எட்டு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம், கல்லூரியில் சேர்ந்த பிறகு ஆங்கிலத்தில் சொந்தப் பாட்டு. அட்லாண்டாவில் ஒரு மியூசிக் ப்ரொட்யூசரோடு சேர்ந்து சில பாட்டுகள் பதிவு செய்திருக்கிறாள். அவர் பீட், அதாவது தயார் செய்த தாளப் பின்னணி, அனுப்புவார், இவள் வீட்டு அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவில் நின்று பாடி அனுப்புவாள், அவர் சேர்த்து மிக்ஸ் செய்து திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாகக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிசையாகப் போட்டால் ஒவ்வொன்றையும் வேறு வேறு பெண் பாடியது போல இருக்கிறது. அது அவளுக்கே தெரியும். "எனக்குன்னு ஒரு சவுண்ட் வரல மாமா" என்று போன மாதம் புலம்பினாள். எனக்குப் பாடத் தெரியாது, ஆனால் பழைய சோல் இசைத்தட்டுகள் (சர்ச் பாட்டும் ப்ளூஸும் கலந்து வளர்ந்த கறுப்பர் இசை) மேல் வெகுநாள் பைத்தியம். அப்படியென்றால் வா, அந்த மாதிரி சவுண்ட் பிறந்த அறைகளையே பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வெள்ளி, சன் ஸ்டுடியோ

யூனியன் அவென்யூ 706. தெருமுனையில் சின்னக் கட்டடம், அதன் மேல் கட்டடத்துக்குப் பொருந்தாத அளவில் ஒரு கிட்டார். உள்ளே டிக்கெட் வாங்கிவிட்டுக் காத்திருந்தால் கும்பலாக அழைத்துப் போகிறார்கள். மாடியில் அருங்காட்சியகம், கீழே ஸ்டுடியோ. இந்த அறையிலா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஏறக்குறைய 18 அடிக்கு 33 அடி, அவ்வளவுதான். சாம் ஃபிலிப்ஸ் 1950இல் இதைத் தொடங்கியபோது கல்யாணம், கூட்டம், யார் காசு கொடுத்தாலும் பதிவு செய்து கொடுப்பதுதான் தொழில்.

எல்விஸ் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அந்த அறையில் நின்று கேட்கும்போது எனக்கு வேறொரு விஷயம் உறைத்தது. 1953இல் அந்தப் பையன் சொந்தக் காசு நாலு டாலர் கொடுத்து ஒரு தட்டு பதிவு செய்துகொண்டு போகிறான். அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட மேரியன் கைஸ்கர் அவன் பெயரைக் குறித்து வைக்கிறார். அப்புறம் ஏறத்தாழ ஒரு வருடம் ஒன்றுமே நடக்கவில்லை. 1954 கோடையில் சாம் கூப்பிட்டு ஒரு பாட்டைப் பாட வைத்துப் பார்க்கிறார், சரிவரவில்லை. சரி என்று ஸ்காட்டி மூர் என்ற கிட்டார்காரரோடும் பில் பிளாக் என்ற பேஸ்காரரோடும் சேர்த்து விடுகிறார். ஜூலை 5ஆம் தேதி இரவும் முதலில் பாடியதெல்லாம் மெதுவான உருக்கப் பாட்டுகள், ஒன்றும் தேறவில்லை. இடைவேளையில் பையன் விளையாட்டாக ஒரு பழைய ப்ளூஸ் பாட்டை வேகமாகக் குதித்துக் குதித்துப் பாட, மற்ற இருவரும் கூடச் சேர்ந்துகொள்ள, உள்ளிருந்து எட்டிப் பார்த்த சாம் அதையே முதலிலிருந்து வாசிக்கச் சொல்லி டேப்பை ஓட விடுகிறார். ட்ரம்ஸ் கிடையாது. அதுதான் எல்விஸின் வெளியான முதல் இசைத்தட்டு.

சாம் அன்று எதையும் கண்டுபிடிக்கவில்லை. எப்படிப் பாட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவும் இல்லை. விளையாட்டு என்று அந்த மூன்று பேரும் நினைத்ததை, இதுதான் சரக்கு என்று அடையாளம் கண்டுகொண்டார். வேறு யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால், போதும் விளையாட்டு, வேலையைப் பாருங்கள் என்று அதட்டியிருப்பார்.

அதற்கு மேல் எந்திர வேலையும் உண்டு. பாட்டைப் பதிவு செய்யும்போதே அதை இரண்டாவது டேப் ரெக்கார்டர் ஒன்றுக்கும் அனுப்புவார். அதில் பதியும் ஹெட்டுக்கும் ஒலிக்கும் ஹெட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதல்லவா, டேப் அந்தத் தூரத்தைக் கடக்கும் நொடிப்பொழுது தாமதத்தோடு அதே குரல் திரும்பி வரும். அதை அசலோடு கலந்துவிட்டால் ஒரு துள்ளல் எதிரொலி கிடைக்கும். ஸ்லாப்பேக் என்பார்கள். இன்று எந்த மென்பொருளிலும் ஒரு பொத்தான் அது. அக்கா மகள் போனில் அதைத் திறந்து காட்டினாள், ஸ்லாப்பேக் என்றே பெயர் போட்டிருந்தது.

கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் கதையும் சொன்னார்கள். அவர் தேவாலயப் பாட்டுப் பாடத்தான் வந்தார், அது விற்காது என்று சாம் திருப்பிவிட்டார். அவருடைய குழுவிலும் ட்ரம்ஸ் இல்லை என்பதால் கிட்டார் தந்திகளுக்கு இடையில் ஒரு காகிதத்தைச் செருகி, சர்க் சர்க் என்று ட்ரம் மாதிரி ஒலிக்க வைத்தார். காசில்லாதவன் கெட்டிக்காரன்.

1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை சாம் ஆர்சிஏ நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார். முட்டாள்தனம் என்று எங்கள் கும்பலில் ஒருவர் சத்தமாகவே சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடனில் இருந்த மனிதர், அந்தப் பணத்தில்தான் மற்றவர்களைப் பதிவு செய்தார்.

இரவுச் சாப்பாடு பீல் தெருவில். மெம்ஃபிஸ் வந்து பன்றி விலா சாப்பிடாதவர்களை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அக்கா மகள் சைவம். சோள மாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய், கார்ன்பிரெட், வாழைப்பழப் புட்டிங் என்று சமாளித்தாள். வெண்டைக்காயை நான்தான் பாதி காலி செய்தேன்.

சனி, ஸ்டாக்ஸ், அப்புறம் ராயல்

காலையில் ஈஸ்ட் மெக்லெமோர் அவென்யூ. இப்போது இருப்பது அருங்காட்சியகம், 2003இல் திறந்தது. ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் அசல் கட்டடத்தை 1989இல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். அதே இடத்தில் பழைய முகப்பை அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஜிம் ஸ்டூவர்ட், அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன், இருவர் பெயரின் முதல் இரண்டிரண்டு எழுத்துதான் ஸ்டாக்ஸ். பழைய சினிமா கொட்டகையை வாடகைக்கு எடுத்து ஸ்டுடியோ ஆக்கினார்கள். தரை சரிவாக இருந்தது, சமப்படுத்தக் காசில்லை, அப்படியே விட்டார்கள். அந்தச் சரிவும் உயரமும்தான் ஸ்டாக்ஸ் சத்தத்துக்குக் காரணம் என்று பின்னால் எல்லோரும் எழுதினார்கள். எஸ்டெல் முன்பக்கம், பாப்கார்ன் விற்ற இடத்தில், இசைத்தட்டுக் கடை வைத்தார். பின்னால் பதிவான பாட்டை முன்னால் கடைக்கு வரும் தெருப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் ஆடுகிறார்களா என்று பார்ப்பார். இதைவிட நேர்மையான கருத்துக்கணிப்பு இருக்க முடியுமா?

இங்கே யார் வந்து பாடினாலும் வாசித்தது ஸ்டாக்ஸின் சொந்த வாத்தியக் குழுதான். புக்கர் டி. ஜோன்ஸ், ஸ்டீவ் க்ராப்பர், டக் டன், அல் ஜாக்சன். இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர், 1960களின் மெம்ஃபிஸில். சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங் 1962இல் இங்கே வந்தது பாட அல்ல, வேறொரு கிட்டார்காரரைக் காரில் கூட்டி வந்தார். அவருடைய பதிவு சரியாகப் போகாமல் நேரம் மிஞ்சியதால் கடைசியில் இவரைப் பாட விட்டார்கள்.

எனக்கு மிகப் பிடித்த ஸ்டாக்ஸ் கதை 1965இல் நடந்தது. நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர், பாடகர் வில்சன் பிக்கெட்டைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பாட்டு ஓடுகிறது, ஆனால் தாளம் அவர் நினைத்த இடத்தில் விழவில்லை. வெக்ஸ்லருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. கண்ட்ரோல் அறையை விட்டு வெளியே வந்து, அப்போது பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த ஜெர்க் நடனத்தை நடுஅறையில் ஆடிக் காட்டி, அடி இங்கே விழ வேண்டும் என்கிறார். இரண்டாவது, நாலாவது அடியை ஒரு மயிரிழை தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று க்ராப்பரும் ஜாக்சனும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு வந்த ஸ்டாக்ஸ் பாட்டுகள் பலவற்றில் அந்தத் தாமதம் கேட்கும். "என் ப்ரொட்யூசர் ஆடினா எப்படி இருக்கும்" என்று இவள் சிரித்தாள், அந்த ஆள் அவளோடு ஒரே அறையில் இருந்ததே இரண்டு முறைதான்.

மத்தியானம் லூசி அவென்யூ. ஸ்டாக்ஸிலிருந்து கொஞ்ச தூரம்தான். 1942இல் சோல் பாடகி அரீதா ஃப்ராங்க்ளின் பிறந்த சின்ன மர வீடு இந்தத் தெருவில் இருக்கிறது. ஐந்து நிமிடம் நின்றோம். அரீதாவை அலபாமாவின் மஸல் ஷோல்ஸில் விரிவாகப் பார்க்கப் போகிறோம் என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்து ராயல் ஸ்டுடியோஸ். இது இன்னமும் வேலை நடக்கும் இடம், சும்மா போனால் உள்ளே விடமாட்டார்கள், வெளியிலிருந்துதான் பார்த்தோம். இதுவும் பழைய சினிமா கொட்டகை. தெருவுக்கே இப்போது வில்லி மிட்செல் பெயர். என்னைக் கேட்டால் இந்த ஊரிலேயே பெரிய ப்ரொட்யூசர் இவர்தான், சாம் ஃபிலிப்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

மிட்செல் ஜாஸ் ட்ரம்பெட்காரர். 1960களின் கடைசியில் டெக்சாஸின் மிட்லண்டில் ஒரு கச்சேரியில் அல் க்ரீன் என்ற இளைஞரைச் சந்திக்கிறார். ஏற்கெனவே ஒரு ஹிட் கொடுத்து, அடுத்தது வராமல் தடுமாறிக்கொண்டிருந்தவர். என்னோடு மெம்ஃபிஸ் வா, 18 மாதத்தில் உன்னை நட்சத்திரம் ஆக்குகிறேன் என்றாராம். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றாராம் க்ரீன். இருவருமே சொன்ன கதைதான். அந்தக் காத்திருப்பு எப்படி இருந்தது என்று இசைத்தட்டுகளிலேயே கேட்கலாம், அதற்காகவே மாலையில் ஆற்றங்கரையில் காரை நிறுத்தி வரிசையாகப் போட்டுக் கேட்டோம். 1969 ஆல்பத்தில் அடுத்தவர்களின் பாட்டுகள் நிறைய, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாடகர் நிழல். 1971 ஆல்பத்தில் தொண்டை கிழியப் பாடுகிறார், ஓடிஸும் பிக்கெட்டும் பாடிய பாணி. நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதே ஆல்பத்தில் ஒரு பாட்டில், தனிமையால் சலித்துவிட்டது என்று பாடும் பாட்டில், குரல் தணிகிறது, கிசுகிசுப்பும் பொய்க்குரலும் எட்டிப் பார்க்கின்றன. மிட்செல் பிடித்துக்கொண்டது அதைத்தான். கத்தாதே, மென்மையாகப் பாடு, நீயாகப் பாடு. 1971 கடைசியில் 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' வருகிறது. 1972 தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடம்.

வேடிக்கை என்னவென்றால் அப்படி மெல்லிசாகப் பாடுவது க்ரீனுக்கே பிடிக்கவில்லை. ஆண்பிள்ளை மாதிரி இல்லை என்று சண்டை. திரும்பத் திரும்பப் பாட வைத்து வாங்கியிருக்கிறார் மிட்செல். மைக்கிற்கு வெகு அருகில் குரல். பின்னால் ஹாட்ஜஸ் சகோதரர்கள் மூவர், கிட்டார், ஆர்கன், பேஸ் என்று. ட்ரம்ஸில் ஹோவர்ட் க்ரைம்ஸோ அல் ஜாக்சனோ, சத்தம் தடித்து, மெத்தையில் அடித்தது போல. ஜாஸ்காரர் என்பதால் பாட்டின் அடியில் சோலில் அவ்வளவாகப் புழங்காத கோர்டுகள். யாரும் யாரையும் முந்தவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவள், "அப்ப மூணு வருஷம் ஆயிருக்கு" என்றாள். ஆமாம். எந்தக் கம்பெனி இப்போது மூன்று வருடம் பொறுக்கும்?

"அதுவும் அவங்களுக்கு ரெடியா ஒரு பேண்ட் இருந்துச்சு மாமா. எனக்கு ஒரு ட்ரம்மருக்குக் குடுக்கவே காசில்ல. பழசைப் பார்த்து ஏங்குறது ஈஸி." நியாயம்தான், பதில் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிறு, ஹேல் ரோடு

அல் க்ரீன் புகழின் உச்சியிலேயே மதத்தின் பக்கம் திரும்பி, 1976இல் மெம்ஃபிஸின் தெற்கே ஒரு தேவாலயத்தை வாங்கி பாஸ்டர் ஆனவர். எல்விஸின் கிரேஸ்லாண்ட் வீட்டிலிருந்து பக்கம்தான். ஞாயிறு ஆராதனைக்கு யாரும் போகலாம், எங்களைப் போல வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களும் பின் வரிசைகளில் இருந்தார்கள். பாஸ்டர் இன்று ஊரில் இல்லை. ஏமாற்றம்தான், ஆனால் பாடல் குழு இருந்தது, ஆர்கன் இருந்தது. ஒருவர் ஒரு வரியை எடுக்க, மற்றவர்கள் பதில் சொல்ல, ட்ரம்மர் அவர்கள் போகிற போக்கில் போய், ஒரே வரி பத்து நிமிடம் நின்றது. நிரவல் மாதிரி இருக்கே என்றாள் காதோடு. அவள் கால் தாளம் போடுவதை நிறுத்தவே இல்லை. காணிக்கைத் தட்டில் போட்டுவிட்டு வந்தோம். இதற்கு மேல் அங்கே படம் எடுக்கவோ எழுதவோ எனக்கு மனமில்லை, அது அவர்கள் கும்பிடும் இடம்.

திங்கள், சாலை

மெம்ஃபிஸிலிருந்து 72ஆம் எண் சாலையில் கிழக்கே, மிசிசிப்பியின் வட ஓரம் வழியாக அலபாமா. சுமார் 150 மைல். பருத்தி, பெட்ரோல் பங்க், தேவாலயம், மறுபடி பருத்தி. ஃப்ளாரன்ஸ், ஷெஃபீல்ட், டஸ்கம்பியா, மஸல் ஷோல்ஸ் என்று டென்னசி ஆற்றங்கரையில் ஒட்டி ஒட்டி நான்கு சின்ன ஊர்கள். சாம் ஃபிலிப்ஸ் பிறந்தது இந்த ஃப்ளாரன்ஸ் பக்கம்தான். வழி நெடுக அவளே பாட்டுப் போட்டாள், அரீதாவின் 1961 முதல் 66 வரையான கொலம்பியா கம்பெனிப் பதிவுகள். நாளைக்குத் தேவை என்றாள். வெயில், தூக்கம், சாப்பிட்டது சுமார்.

செவ்வாய், ஃபேம், பிறகு ஜாக்சன் ஹைவே

ஈஸ்ட் அவலான் அவென்யூ 603. எதிரும் புதிருமாகக் கடைகள், கார் போகும் சத்தம், நடுவில் ஃபேம் ஸ்டுடியோஸ். இதுவும் இன்றும் இயங்குவது, பதிவு இல்லாத நேரத்தில் சுற்றிக் காட்டுகிறார்கள். இதை நடத்திய ப்ரொட்யூசர் ரிக் ஹால் 2018இல் இறந்துவிட்டார். பிடிவாதக்காரர். ஒரே பாட்டை விரல் வீங்கும் வரை வாசிக்க வைப்பார் என்று அவரோடு வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். சாம் மாதிரி காத்திருக்கும் ஆள் இல்லை, மிட்செல் மாதிரி தட்டிக் கொடுக்கும் ஆளும் இல்லை.

அரீதாவுக்கு கொலம்பியாவில் கிட்டத்தட்ட ஆறு வருடம். அவரை எடுத்த ஜான் ஹாமண்ட் சாதாரண ஆள் இல்லை, காது உள்ளவர். ஆனாலும் கம்பெனியில் ஜாஸ், நாடகப் பாட்டு, வயலின் கூட்டம் என்று மாற்றி மாற்றி முயன்றார்கள். நேற்று காரில் கேட்டோமே, குரல் அப்போதே முழுசாக இருக்கிறது. குறை சொல்ல ஒரு ஸ்வரம் கிடையாது. அவர் யார் என்றுதான் தெரியாது. 1966 கடைசியில் வெக்ஸ்லர் அட்லாண்டிக்கிற்குக் கொண்டுவருகிறார். முதலில் ஸ்டாக்ஸின் ஜிம் ஸ்டூவர்ட்டிடம்தான் கேட்டாராம், அவர் வேண்டாம் என்றுவிட்டார். பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்திருக்க வேண்டியது.

1967 ஜனவரி 24. இந்த அறை. வெக்ஸ்லர் செய்த முதல் காரியம் அரீதாவைப் பியானோவில் உட்கார வைத்தது. சர்ச்சில் வாசித்து வாசித்துப் பழகிய கை, அதையே இங்கே வாசிக்கட்டும் என்றார். சுற்றிலும் வாசிக்க வந்தவர்கள் அலபாமா, மெம்ஃபிஸ் பக்கத்து வெள்ளைக்காரப் பையன்கள், தாளில் எழுதி வைத்து வாசிக்காதவர்கள். முதலில் யாருக்கும் பிடி கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா தடவிக்கொண்டிருக்க, ஸ்பூனர் ஓல்ட்ஹாம் தன் வுர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோவில் தயங்கித் தயங்கி ஒரு சின்ன வரியை எடுக்கிறார். அவ்வளவுதான், ட்ரம்ஸ் அதில் ஏற, அரீதா அதில் ஏற, சீக்கிரமே பாட்டு முடிந்துவிட்டது. சுற்றிக் காட்டியவர் அந்தப் பதிவை அந்த அறையிலேயே போட்டார். தொடக்கத்தில் அந்த வுர்லிட்சர் மட்டும், அப்புறம் குரல். அக்கா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததும் மறைக்கக் கூடாதது. மது, பேச்சு தடித்தது, ட்ரம்பெட் வாசித்தவர்களில் ஒருவருக்கும் அரீதாவின் கணவருக்கும் தகராறு, சமாதானம் பேச ராத்திரி மோட்டலுக்குப் போன ரிக் ஹாலே அந்தக் கணவரோடு கைகலந்தார். இரண்டாவது பாட்டு பாதியில் நிற்க, காலையில் அரீதா ஊரைவிட்டே போய்விட்டார். வெக்ஸ்லர் விடவில்லை. வேறொரு ஆல்பத்துக்கு என்று சொல்லி இதே வாத்தியக்காரர்களை நியூயார்க்குக்கு வரவழைத்து மிச்சத்தை முடித்தார். ஓடிஸின் 'ரெஸ்பெக்ட்' பாட்டை அரீதா தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது அங்கே, பிப்ரவரி 14ஆம் தேதி. அதாவது ஊர் மண்ணில் மந்திரம் இருக்கிறது என்பதெல்லாம் சுற்றுலாப் பேச்சு. ஆட்கள்தான் முக்கியம், ஆட்கள் போன இடத்துக்குச் சத்தமும் போனது.

அந்த ஆட்களில் நான்கு பேர், ஜிம்மி ஜான்சன், ரோஜர் ஹாக்கின்ஸ், டேவிட் ஹுட், பேரி பெக்கெட், 1969இல் ரிக் ஹாலை விட்டு வெளியேறி ஷெஃபீல்டில் சொந்த ஸ்டுடியோ திறந்தார்கள். ஜாக்சன் ஹைவே 3614. முன்பு சவப்பெட்டி வைத்திருந்த கட்டடம். அந்த டிசம்பரில் இங்கிலாந்தின் ராக் குழு ரோலிங் ஸ்டோன்ஸ் மூன்று நாள் வந்து மூன்று பாட்டு முடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒன்றின் வரிகளை அவர்களின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் எழுதி முடித்ததாகச் சொல்லப்படும் கழிப்பறையை எல்லோரும் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள், நாங்களும்தான். எனக்கு அதைவிட வாத்தியங்களை ஒன்றுக்கொன்று இவ்வளவு நெருக்கி வைத்திருந்ததுதான் வியப்பு. எட்டி உதைத்தால் பேஸ்காரர் மேல் படும். ட்ரம்மர் முகத்தைப் பார்க்காமல் அங்கே யாரும் வாசிக்க முடியாது.

வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரம் வாக்குவாதம். பாடகரின் சவுண்ட் என்று சொல்கிறோம், ஆனால் மிட்செல் இல்லாத அல் க்ரீனும், ஸ்பூனர் அந்த வரியை எடுக்காத அரீதாவும் யார் என்பது என் கட்சி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அரீதா பியானோவில உட்காரலைன்னா ஸ்பூனருக்கு அந்த லைன் வந்திருக்காது மாமா. முதல்ல அவங்க கைல என்ன இருக்குன்னு ஒருத்தர் கேட்டாங்க. என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல, பீட் மட்டும்தான் வருது."

அவள் கையில் என்ன இருக்கிறது என்றால், தம்புரா இருக்கிறது, பாட்டி சொல்லிக்கொடுத்த நாலைந்து தாலாட்டு இருக்கிறது, ஒரு மலிவான கீபோர்டு இருக்கிறது. அந்த பெஞ்சிலிருந்தே ப்ரொட்யூசருக்குச் செய்தி அனுப்பினாள். இனி பீட் வேண்டாம், பாட்டை அவளே கீபோர்டில் வாசித்துக் காட்டுவாள், ஒரு ட்ரம்மரும் அவரும் அவளும் ஒரே அறையில் அரை நாள் உட்கார வேண்டும், ட்ரம்மருக்கான காசில் பாதி அவளுடையது என்று. மீதிப் பாதி மாமா தலையில்தான் விழும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதை எழுதும்வரை அவரிடமிருந்து பதில் இல்லை. நாளை காலை ஹன்ட்ஸ்வில் வழியாக அட்லாண்டா.